பத்து சதவீத வெட்டு யாரைத் தடுக்கிறது? ஒரு பொருளியல் வகுப்பின் விதிமுறைத் தாள்: நிகழ்வு ஆய்வு

மேல்நிலை வகுப்பில் பொருளியல் நடத்தும் ஆசிரியர் முதல் வாரத்தில் ஒரு விதிமுறைத் தாள் கொடுப்பார். வீட்டுப்பாடம் எப்போது தரவேண்டும், தாமதமானால் எவ்வளவு வெட்டு, செல்போன் எங்கே இருக்கவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அலுவலகச் சுற்றறிக்கை போல எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் போட்டுவிடுவது வழக்கம். ஆனால் அந்தத் தாளின் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒன்றுக்கு விலை வைக்கிறது. மாணவர்கள் அந்த விலையைக் கணக்குப் போட்டுத்தான் நடந்துகொள்கிறார்கள். பொருளியல் சொல்லித்தரும் வகுப்பில் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டியவர் ஆசிரியர்.

கணக்கு தெளிவாக வர ஒரு மாதிரி வகுப்பை எடுத்துக்கொள்வோம். 32 மாணவர்கள். ஒரு பருவம் 18 வாரம், வாரத்துக்கு 5 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். நான்கு அலகுகள்: தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் மற்றொன்றின் மதிப்பு) முதல் அலகு, நிறுவனங்களும் சந்தை அமைப்புகளும் இரண்டாவது, நாட்டு வருமானம், பணவீக்கம், வேலையின்மை மூன்றாவது, பணம், மத்திய வங்கி, பன்னாட்டு வணிகம் நான்காவது. மதிப்பெண் பங்கீடு எங்கும் காண்கிற வகைதான்: வீட்டுப்பாடம் 25, சிறுதேர்வு 15, அலகுத் தேர்வு 40, குழுச் செயல்திட்டம் 15, வகுப்பில் பங்கேற்பு 5. வீட்டுப்பாடம் மொத்தம் 16. தாமதமானால் நாளுக்கு 10 சதவீதம் வெட்டு. நான்கு அலகுத் தேர்வுகளில் மிகக் குறைந்த மதிப்பெண் கழிக்கப்படும். குழுவில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். மறுதேர்வு கிடையாது. படிக்கும்போது எல்லாமே நியாயமாகத்தான் தெரிகிறது.

தாமதத்தின் விலை

16 வீட்டுப்பாடத்துக்கு 25 மதிப்பெண் என்றால் ஒன்றுக்கு 1.56. அதில் 10 சதவீதம் 0.16. அதாவது, ஒரு நாள் தாமதம் பருவத்தின் நூறு மதிப்பெண்ணில் 0.16-ஐத் தின்கிறது. மறுபக்கம், குறைந்தது ஒன்றைக் கழித்தபின் எண்ணப்படுபவை மூன்று அலகுத் தேர்வுகள், ஒவ்வொன்றும் 13.33. நாளைக்கு அலகுத் தேர்வு. இன்று மாலை வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தால் தேர்வில் நூற்றுக்கு 5 கூடும் என்று ஒரு மாணவி நினைத்தால், அவளுக்குக் கிடைப்பது 0.67. இழப்பைப்போல நான்கு மடங்குக்கு மேல் லாபம். வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைப்பதுதான் அவளுக்குச் சரியான முடிவு. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பொருளே இல்லை. தாளில் போட்ட விலைக்கு அவள் வாங்குகிறாள், அவ்வளவுதான்.

இந்த விளைவுக்கு நன்கு அறியப்பட்ட சான்று உண்டு. பொருளியலாளர்கள் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருவதைத் தடுக்க, ஐந்தாவது வாரம் முதல் 6 காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள்: பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் பிள்ளைக்கு 10 ஷெக்கல். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காகியது. அதுவரை ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது. பதினேழாவது வாரத்தில் அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. வகுப்பறைக்கு இதில் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிப் பகுதி. ஒருமுறை விலை போட்டுவிட்டால், விலையை எடுத்தாலும் பழைய கூச்சம் திரும்பிவராது. பருவத்தின் நடுவில் வெட்டை நீக்கிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் வெட்டை நாளுக்கு 30 சதவீதமாக ஏற்றிவிடலாமா? அது வேறு கேட்டைக் கொண்டுவரும். நான்காவது நாளில் அந்த வீட்டுப்பாடத்தின் மதிப்பு பூஜ்யமாகிவிடும். அதற்குப் பின் அதைச் செய்து பார்க்க எந்தக் காரணமும் மிஞ்சாது. விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்ற நெகிழ்ச்சிக் கணக்கைத் தவறவிட்ட மாணவன் கடைசிவரை அது தெரியாமலே போவான்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, தாமதத்தால் யாருக்கு என்ன கேடு, எந்த நிமிடத்தில் கேடு என்பது. விடைகளை வகுப்பில் கலந்து பேசும் வரை தாமதத்தால் பெரிய கேடு ஏதும் இல்லை. ஆசிரியர் அன்றிரவு திருத்தப்போவதுமில்லை. விடை பலகையில் ஏறிய மறுகணம் கேடு ஒரேயடியாக உயர்கிறது, ஏனென்றால் அதற்குப் பின் வருவது பிரதி. பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1974-இல் காட்டியது இதற்கு அப்படியே பொருந்துகிறது: ஓர் எல்லைக்குப் பின் கேடு செங்குத்தாக ஏறும் இடத்தில், விலை வைப்பதைவிட அளவுக்கு வரம்பு வைப்பதே நல்லது. ஆகவே திருத்திய தாளில் நாள்வாரி வெட்டு இல்லை. விடை விவாதிக்கும் பாடவேளையின் மணி அடிக்கும்போது பெட்டி மூடும். அதற்கு முன் வந்தால் முழு மதிப்பெண். பின்னால் வருபவருக்கு எண்கள் மாற்றிய வேறொரு கணக்குத்தாள்; அதற்கு அதிகபட்சம் 70 சதவீதம், ஒரு வாரக் கெடு. இதோடு பருவத்துக்கு ஆளுக்கு 2 அவகாச டோக்கன். ஒன்றைக் கொடுத்தால் 48 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், காரணம் கேட்கப்படாது. டோக்கனில் வருபவரும் எண்கள் மாற்றிய தாளைத்தான் செய்வார், ஆனால் முழு மதிப்பெண்ணுக்கு. காரணம் கேட்காமல் இருப்பது முக்கியம். கேட்கத் தொடங்கினால் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவருக்கே அவகாசம் போகும்.

வீட்டுப்பாடத்தின் பங்கு 25-இலிருந்து 15 ஆகக் குறைகிறது. பயிற்சிக்கு அதிக மதிப்பெண் கொடுத்தால் பிரதி எடுப்பதற்கான ஊக்கம்தான் வளரும். ஆனால் பங்கைக் குறைத்தால் தவிர்ப்பதும் மலிவாகிவிடும். அதை அப்படியே விட்டால் பாதி வகுப்பு செய்யாது. இதற்குத் தீர்வு சிறுதேர்வில் இருக்கிறது. வாரக் கடைசியில் 15 நிமிடச் சிறுதேர்வு. அந்த வார வீட்டுப்பாடத்திலிருந்து இரண்டு கணக்கு, எண்கள் மட்டும் மாறும். கையால் எழுதிய தன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதலாம். அச்சிட்ட தாளுக்கும் அடுத்தவர் தாளுக்கும் இடமில்லை. புரிந்து செய்தவருக்கு அந்தத் தாள் உதவும். பார்த்து எழுதியவருக்கு எண் மாறியதும் எந்த வரியில் எதைப் போடுவது என்றே தெரியாது.

குறைந்ததைக் கழிக்கும் விதி

இரக்கத்தில் எழுதப்படும் விதி இது. கேடு நான்காவது அலகில் வெளிப்படும். முதல் மூன்று தேர்வில் 88, 85, 86 எடுத்த மாணவனின் சராசரி 86.33. நான்காவது தேர்வுக்கு அவன் வராமலே போனாலும் அந்தப் பூஜ்யம் கழிந்துவிடும். சராசரி அதே 86.33. ஒழுங்காகப் படித்து 95 எடுத்தால் சராசரி 89.67, பருவ மதிப்பெண்ணில் கூடுவது 1.33. இதற்காக மூன்று வாரம் மத்திய வங்கியையும் செலாவணி மாற்று வீதத்தையும் படிக்க வேண்டும். நிறையப் பேர் படிக்க மாட்டார்கள். வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களே பணவியல் கொள்கை தெரியாமல் வெளியே போவதற்கு இந்த ஒரு வரி போதும்.

கழிப்பதை எடுத்துவிட்டால் ஒரு மோசமான நாள் பெரிய அடியாகும் என்பதும் உண்மை. மூன்று தேர்வில் 80, ஒன்றில் பூஜ்யம் என்றால் சராசரி 60. பருவ மதிப்பெண்ணில் 8 போய்விடும். எனவே வராதவருக்குப் பூஜ்யம் போடக்கூடாது. 5 பள்ளி நாளுக்குள் இணையான வேறு வினாத்தாள் எழுத வேண்டும். அந்த வினாத்தாள் முதல் தாளோடு சேர்த்து முன்கூட்டியே தயாராகிவிட வேண்டும்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவசரத்தில் எளிதான தாள் வரும், அடுத்த அலகில் வராதவர் எண்ணிக்கை கூடும்.

மறுதேர்வு விஷயத்தில் தாளில் எழுதியதைவிட நடப்பதே பேசும். “மறுதேர்வு கிடையாது” என்று எழுதிவிட்டு, பாதி வகுப்பு தோற்றதும் மனம் இளகி ஒன்று வைப்பார்கள். பொருளியலாளர்கள் ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் இருவரும் 1977-இல் விளக்கிய சிக்கல் இதுவே (2004-இல் நோபல் பெற்றார்கள்): முன்னால் அறிவித்த கொள்கையைப் பின்னால் மீறுவது அந்த நேரத்தில் நல்லதாகத் தெரிந்தால், மக்கள் அந்த மீறலையே எதிர்பார்த்து நடப்பார்கள். இரண்டாவது அலகுக்குள் மாணவர்களுக்கு இது புரிந்துவிடும்: எல்லோரும் சேர்ந்து குறைவாக எழுதினால் மறுதேர்வு வரும். ஆகவே கடைப்பிடிக்கக்கூடிய விதியையே எழுத வேண்டும். திருத்திய தாள் சொல்வது: பருவ இறுதியில் நான்கு பகுதி கொண்ட தேர்வு ஒன்று உண்டு, எந்தப் பகுதியை எழுதுவது என்பது மாணவர் விருப்பம். ஒரு பகுதியில் எடுப்பது அந்த அலகுத் தேர்வைவிட உயர்ந்தால், இரண்டின் சராசரி பழைய மதிப்பெண்ணின் இடத்தில் ஏறும். 60 எடுத்தவர் 90 எடுத்தால் 75. படிக்காமல் முதலில் 40 எடுத்துவிட்டு இறுதியில் 90 எடுப்பவருக்கு 65தான். முதலிலேயே படித்து 85 எடுத்திருக்கலாம். முழுவதும் மாற்றிக்கொடுத்தால் முதல் தேர்வு ஒத்திகையாகிவிடும். இந்த இறுதித் தேர்வை எழுத நுழைவுச் சீட்டு ஒரு பிழைத்தாள்: அலகுத் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எங்கே தவறியது என்று இரண்டு வரி, வரைபடம் என்றால் திரும்ப வரைந்து.

குழு

நால்வர் குழு, 15 மதிப்பெண், எல்லோருக்கும் ஒரே அளவு. ஒருத்தி கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தால் குழுவின் வேலை நூற்றுக்கு 4 உயரும் என்று வையுங்கள். அவளுக்கு 0.6, மற்ற மூவருக்கும் தலா 0.6, மொத்தப் பயன் 2.4. அதே ஒரு மணி நேரத்தில் அலகுத் தேர்வுக்குப் படித்து 6 கூட்டினால் அவளுக்கே 0.8. அவள் தேர்வுக்குத்தான் போவாள், 2.4 நழுவிப்போகும். ஒருவர் செலவில் எல்லோரும் பயன்பெறும் பொதுப்பண்டம் ஏன் போதிய அளவு கிடைப்பதில்லை என்று மூன்று நாள் பாடம் நடத்திவிட்டு, அதே குறையைத் தாளிலேயே வைத்திருப்பது பொறுக்கத் தக்கதில்லை.

15-ஐ 10 தனிநபர், 5 குழு என்று பிரிப்பது பலன் தரும். தரவு திரட்டல், வரைபடம், விளக்கம், எதிர்வாதம் என்று நான்கு பகுதி; யாருக்கு எது என்பதை முதல் நாளே எழுதித்தர வேண்டும். முடிவில் ஒவ்வொருவரிடமும் மூன்று நிமிட வாய்மொழிக் கேள்வி, அதில் ஒரு கேள்வி அடுத்தவர் பகுதியிலிருந்து. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித்தந்த அறிக்கையும் இந்த மூன்று நிமிடத்தில்தான் பிடிபடும். “இந்தத் தரவு எந்த ஆண்டுடையது, ஏன் அந்த ஆண்டு” என்று கேட்டாலே போதும். சகமாணவர் மதிப்பீட்டை நம்பக்கூடாது. நால்வரும் ஒருவருக்கொருவர் முழு மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள், மீற யாருக்கும் ஊக்கம் இல்லை.

சந்தைச் சோதனை நாள்

வகுப்பையே சந்தையாக்கும் சோதனையை பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் 1948-இல் வெளியிட்டார். வெர்னன் ஸ்மித் 1962-இல் அதை மேம்படுத்தினார். வருகை விதி உண்மையில் கடுமையாக இருக்க வேண்டிய ஒரே நாள் இது, காரணம் ஒருவர் வராததால் மற்றவர்களின் முடிவும் மாறிவிடும்.

16 பேர் வாங்குபவர், 16 பேர் விற்பவர். வாங்குபவர் சீட்டில் அவர் கொடுக்கக்கூடிய உச்ச விலை: 40, 38, 36 என்று இரண்டிரண்டாக இறங்கி 10 வரை. விற்பவர் சீட்டில் அவருக்கான செலவு: 6, 8, 10 என்று ஏறி 36 வரை. ஆளுக்கு ஒரு பண்டம், சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. விலையை உரக்கச் சொல்லிப் பேரம், முடிந்த விலை உடனே பலகையில். ஒரு சுற்று 4 நிமிடம், அதே சீட்டோடு நான்கு சுற்று. தேவை, அளிப்புக் கோட்பாடு சொல்வது 9 பேரம், விலை 22-க்கும் 24-க்கும் இடையே.

இப்போது மூன்று பேர் வரவில்லை. சீட்டுகளைக் கலைத்துக் கொடுத்துவிட்டு மிஞ்சியதை ஒதுக்கினால், ஒதுங்கியதில் 40 இருக்கலாம். அந்த ஒரு சீட்டு போனாலே கோட்பாட்டு விலை சரியாக 22 ஆகிவிடும். பலகையில் எழுதிவைத்த வரைபடம் பொருந்தாது. ஆகவே ஆள் குறைந்தால் முதலில் எடுக்க வேண்டியவை பேரத்துக்கே வராத சீட்டுகள்: வாங்குபவரில் 10, 12, விற்பவரில் 36. இவற்றை எடுத்தால் விலையும் மாறாது, பேர எண்ணிக்கையும் மாறாது. மணி அடித்தபின் வருபவருக்குச் சீட்டு இல்லை. அவர் விலைகளைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர். வராதவருக்கு அந்த நாளின் விலைப் பட்டியல் தரப்படும், பகுப்பாய்வை அவர் எழுதலாம்.

ஈட்டிய லாபத்துக்குப் போனஸ் மதிப்பெண் தரும் ஆசை பலருக்கு வரும். தரவே கூடாது. 40 சீட்டு வந்தவர் லாபம் பார்ப்பார், 10 சீட்டு வந்தவர் சும்மா நிற்பார். அது சீட்டு விழுந்த அதிர்ஷ்டம். 10 மதிப்பெண் அறிக்கைக்கே: கோட்பாட்டு விலையும் நடந்த விலையும் சுற்றுவாரியாக, பின்பு திறன். எல்லாம் கச்சிதமாக நடந்தால் மொத்த உபரி (வாங்குபவர், விற்பவர் எல்லோரின் லாபத்தின் கூட்டுத்தொகை) 162; வகுப்பு எட்டியதை அதனால் வகுத்தால் சதவீதம் வரும்.

விடைத்தாளில் என்ன எதிர்பார்க்கிறோம்

வரைபடம் கேட்கும் 10 மதிப்பெண் கேள்வியில் 4 வரைபடத்துக்கு, 4 காரணச் சங்கிலிக்கு, 2 முடிவுக்கு. இரண்டு அச்சுக்கும் பெயர், வளைகோடுகளுக்குப் பெயர், பழைய சமநிலை (தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டும் புள்ளி), நகர்வின் திசைக்கு அம்பு, புதிய சமநிலையிலிருந்து இரு அச்சுக்கும் புள்ளிக்கோடு. ஸ்கேல், இரண்டு நிறப் பென்சில் கட்டாயம். ஒரே நிறத்தில் வரைந்தால் எது பழைய கோடு என்று எழுதியவருக்கே பத்து நிமிடத்தில் தெரியாமல் போகும்.

அதிகம் தவறுவது ஒரே இடத்தில். அதே பண்டத்தின் விலை ஏறியதற்குத் தேவைக் கோட்டையே இடப்பக்கம் நகர்த்திவிடுவார்கள். விலை மாறினால் அதே கோட்டின்மேல் சுருக்கம் அல்லது விரிவு. வருமானம், ருசி, மாற்றுப் பண்டத்தின் விலை போன்றவை மாறினால்தான் கோடு நகரும். தவறான கோட்டை நகர்த்தியவர் அந்தத் தவறுக்குப் பொருத்தமாகவே முடிவு எழுதியிருந்தால், முடிவுக்கான 2 மதிப்பெண் உண்டு. இதைத் தாளில் முன்கூட்டியே எழுதிவைத்தால், முதல் அடியில் ஐயம் வந்தவரும் கேள்வியை விட்டுவிடாமல் இறுதிவரை எழுதிப் பார்ப்பார்.

விவாதத்துக்கு ஒரு விதி போதும். குறைந்தபட்சக் கூலி, வரி, மானியம் எதைப் பேசினாலும், “வேண்டும்”, “கூடாது” என்று முடியும் வாக்கியத்துக்கு முன் சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கியம் வர வேண்டும். சரிபார்க்கக்கூடிய வாக்கியமான இயல்புரைக்கு மதிப்பெண் உண்டு; “வேண்டும்”, “கூடாது” என்னும் நெறியுரையில் எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் கூடாது, குறையாது. பேசிய தடவையை எண்ணிப் பங்கேற்பு மதிப்பெண் போட்டால் பேச்சு பெருகும், யோசனை குறையும். அதற்குப் பதில் பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு சீட்டில் இரண்டு வரி. சரியா தவறா பார்ப்பதில்லை, எழுதியிருந்தால் போதும். கூச்சப்படும் பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. குடும்ப வரவுசெலவு பற்றிய பயிற்சிக்கு மாணவரின் சொந்த வீட்டுக் கணக்கை ஒருபோதும் கேட்கக்கூடாது. கற்பனைக் குடும்பத்தின் எண்களைக் கொடுத்துவிடுங்கள். வீட்டு வருமானம் வகுப்பறையில் வெளியாகும் வேதனையை ஒரு பயிற்சிக்காக எந்தப் பிள்ளைக்கும் தரக்கூடாது.

செல்போன் பையில், பை மேசைக்கு அடியில். இந்த விதி உடைவது பெரும்பாலும் “கால்குலேட்டருக்காக எடுத்தேன்” என்ற இடத்தில். வகுப்பில் ஆறேழு சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால் அந்த வழி அடைபடும்.

தாளை முடிவாக்குதல்

முதல் வாரத்தில் கொடுப்பது வரைவு. ஒரு பாடவேளையில் 20 நிமிடம் ஒதுக்கி, குழுவுக்கு ஒரு விதியாகக் கொடுத்து, தன் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் மாணவர் இதை எப்படி வளைப்பார் என்று கணக்குப் போடச் சொல்லலாம். வாய்ப்புச் செலவும் இறுதிநிலைப் பயனும் (கூடுதலாக ஓர் அலகு தரும் பயன்) அந்த 20 நிமிடத்திலேயே பாடமாகிவிடும், ஓட்டைகளும் தெரிந்துவிடும். இரண்டாவது வாரத் தொடக்கத்தில் இறுதித்தாள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். பங்கீடு: வீட்டுப்பாடம் 15, சிறுதேர்வு 15, அலகுத் தேர்வு 40, செயல்திட்டம் 15, சந்தைச் சோதனை அறிக்கை 10, கடைசி நிமிடச் சீட்டு 5. அதன்பின் மாற்றம் தேவைப்பட்டால் அடுத்த அலகின் தொடக்கத்திலிருந்து மட்டும். முடிந்த வேலைக்குப் பின்தேதியிட்டுப் பொருந்தாது.

அவகாச டோக்கனை விற்கலாமா என்று இந்த 20 நிமிடத்தில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, பரிமாற்றத்தால் இருவருக்கும் பயன் என்பதை அப்போதே விளக்கிவிடலாம். ஆனால் வகுப்பில் அதற்கு விலையாகக் கைமாறுவது பணமாகவோ அடுத்தவருக்குச் செய்துதரும் வீட்டுப்பாடமாகவோதான் இருக்கும். கையில் காசில்லாதவர் விற்பவராகவே இருப்பார். எனவே டோக்கனில் பெயர் எழுதியே தர வேண்டும், கைமாறினால் செல்லாது. பயன்படுத்தாத டோக்கனைப் பருவ இறுதியில் மதிப்பெண்ணாக மாற்றுவதும் இல்லை. மாற்றினால், உடம்புக்கு முடியாத நாளிலும் பிள்ளைகள் அதைச் சேமித்தே வைப்பார்கள்.